'ட்ரெயின்ஸ்பாட்டிங்' படத்தை இளைஞர்களோடு சேர்ந்து பார்ப்பது எப்படி

இந்தப் படத்தை இளைஞர்களுக்குப் போட்டுக் காட்ட நினைப்பவர்கள் முதலில் ஒன்றுக்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். முதல் அரை மணி நேரம் அரங்கமே உற்சாகமாக இருக்கும். எடின்பரோவின் பிரின்சஸ் தெருவில் இரண்டு பேர் தலைதெறிக்க ஓடுகிறார்கள். கடையில் திருடிய பொருள்கள் அவர்களுடைய சட்டைக்குள்ளிருந்து சாலையில் சிதறுகின்றன. பின்னணியில் இக்கி பாப்பின் பாட்டு முரசு கொட்டுகிறது. பார்ப்பவர்களின் கால்கள் தாமாகத் தாளம் போடும். கவலைப்படாதீர்கள். படத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்று அறிவுரை சொல்லவும் வேண்டாம். அந்த உற்சாகம் இல்லாமல் பின்பாதி வேலை செய்யாது.

நான் தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். எச்.ஐ.வி. பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவரிடம் பேச்சைத் தொடங்குவது என் அன்றாட வேலை. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் சனிக்கிழமை மாலைத் திரையிடல்களைக் கவனித்துக்கொள்கிறேன். போதைப் பழக்கத்தைப் பற்றி மாணவர்களுக்கு எந்தப் படத்தைக் காட்டலாம் என்று கல்லூரி ஆசிரியர்கள் கேட்டால், டேனி பாயில் இயக்கி 1996இல் வெளிவந்த, ஹெராயினில் சிக்கிய நண்பர்களைப் பற்றிய இந்த பிரிட்டிஷ் படத்தைத்தான் சொல்கிறேன். 'ஸ்லம்டாக் மில்லியனர்' எடுத்தவர் என்றால் நம் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும், ஏ.ஆர். ரஹ்மானுக்கு ஆஸ்கர் கிடைத்த படமாயிற்றே.

ஏன் இந்தப் படம்? இன்பம் இல்லாத இடத்துக்கு யாரும் திரும்பத் திரும்பப் போக மாட்டார்கள். அந்த உண்மையை இந்தப் படம் மறைப்பதில்லை. மறைக்கிற விழிப்புணர்வுப் படங்களை மாணவர்கள் முதல் நிமிடத்திலேயே நம்ப மறுக்கிறார்கள். அவற்றில் இருக்கும் நல்ல செய்தியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் இந்தப் படத்தில் வேறோர் ஆபத்து உண்டு. இதன் நிறமும் வேகமும் பாட்டும் பேச்சும் அத்தனை அழகு. அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற பாப் டோல் 1996இல், படத்தைப் பார்க்காமலேயே, இது ஹெராயினுக்குக் கவர்ச்சி பூசுகிறது என்று கண்டித்தார். பார்த்தவர்களிலும் பலர் அதையே சொல்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. படத்தின் அழகு ரென்டன் என்கிற அந்தக் கதைசொல்லியின் கண்ணில் இருக்கும் அழகு. அவன் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் ஏமாறுவோம். அவன் வாய் சொல்வது ஒன்று, திரை காட்டுவது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக்கினால் போதும்; மீதியைப் படமே பார்த்துக்கொள்ளும்.

திரையிடுவதற்கு முன்

18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் காட்டுங்கள். பிரிட்டனிலும் அதே வயது வரம்புச் சான்றிதழோடுதான் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போடலாமா என்று கேட்கிறார்கள், வேண்டாம்.

அழைப்பிலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள்: ஊசி போடும் காட்சிகள் மிக நெருக்கத்தில் வரும், பாலுறவுக் காட்சிகள் உண்டு, கைக்குழந்தை ஒன்று இறந்துபோகிறது, வசைச்சொற்கள் ஏராளம். கதை கெட்டுவிடும் என்று இதை மறைக்காதீர்கள். குழந்தையை இழந்த ஒருவர் எதுவும் தெரியாமல் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்துவிடக் கூடாது.

போதையிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர்கள் யாராவது வருவதாகத் தெரிந்தால் தனியாகப் பேசிவிடுங்கள். கரண்டி, நெருப்பு, ஊசி ஆகியவற்றைத் திரையில் கண்டாலே சிலருக்குப் பழைய தாகம் உடம்பில் எழும். இது மன உறுதி குறைந்தவர்களின் கோளாறு இல்லை. மூளை பழகிக்கொண்ட குறிப்புகள் அப்படித்தான் வேலை செய்யும். வராமல் இருக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. வந்தால் கதவோரத்தில் இடம் வையுங்கள், துணைக்கு ஒருவரை உட்காரவையுங்கள்.

ஆங்கிலத் துணைத்தலைப்பு கட்டாயம். ஸ்காட்லாந்துப் பேச்சு நமக்கு மட்டும் கடினமில்லை. அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அனுப்பியபோது தொடக்கப் பகுதி வசனங்கள் சிலவற்றைத் தெளிவாக மறுபதிவு செய்தே அனுப்பினார்கள். படம் ஒன்றரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். இடைவேளை விடாதீர்கள். நம் வழக்கப்படி பாதியில் டீ குடிக்க அனுப்பினால், குழந்தை இறந்த காட்சியின் கனத்தை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டுத் திரும்புவார்கள்.

ஐந்து நிமிட முன்னுரை

இயக்குநர் வரலாறு, விருதுப் பட்டியல் எல்லாம் வேண்டாம். ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். படம் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

எடின்பரோ என்றால் கோட்டையும் கலை விழாவும் நினைவுக்கு வரும். இந்தக் கதையின் ஆட்கள் அந்த நகரத்தின் துறைமுகப் பகுதியான லீத்தைச் சேர்ந்தவர்கள். மூல நாவலை 1993இல் எழுதிய இர்வின் வெல்ஷ், நகரின் வடக்கே மியூர்ஹவுஸ் என்னும் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1980களின் தொடக்கத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய அந்தக் குடியிருப்புகளில் மலிவான ஹெராயின் வந்து இறங்கியது. காவல்துறை ஊசிகளின் மேல் கை வைத்தது. ஊசி விற்றுக்கொண்டிருந்த இடமும் விற்பனையை நிறுத்தியது. ஹெராயின் கிடைத்தது, ஊசி கிடைக்கவில்லை. ஒரே ஊசி ஓர் அறையில் இருந்த அத்தனை பேர் கையிலும் ஏறி இறங்கியது.

மியூர்ஹவுஸ் பகுதி மருத்துவர் ராய் ராபர்ட்சனும் சக மருத்துவர்களும் தங்கள் மருத்துவமனைக்கு வந்த ஹெராயின் பழக்கமுள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்து, முடிவை 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். 164 பேரில் 51 சதவீதத்தினருக்கு எச்.ஐ.வி. தொற்று. ரயிலில் சுமார் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் கிளாஸ்கோவில் அதே ஹெராயின் புழங்கியது. ஆனால் ஊசி கிடைப்பது அவ்வளவு சிரமமாக இல்லை, தொற்றும் மிகக் குறைவாக இருந்தது. இந்த ஒப்பீட்டை நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். ஊசியைப் பிடுங்கினால் போதை ஒழியும் என்று நினைத்த ஊரில் நோய்தான் பரவியது. பின்னர்தான் அங்கே பழைய ஊசிக்குப் புது ஊசி கொடுக்கும் திட்டங்களும், ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெதடோன் மருந்துச் சிகிச்சையும் வந்தன.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டதும் அதே 1986இல்தான், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில். மாணவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் முறை: குறுக்கே பேசாமல்

ஒரே மூச்சில் ஓடட்டும். பார்வையாளர்களிடம் ஒரே ஒரு வேலை மட்டும் கொடுங்கள்: டாமி என்கிற பையனைத் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேறு எதையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

டாமி அந்தக் கூட்டத்தில் போதைக்குள் போகாதவன். உடற்பயிற்சி செய்வான், பொய் சொல்ல மாட்டான், மலையேற ஆசைப்படுவான். கொரூர் என்னும் ஆளரவமற்ற ரயில் நிலையத்தில் நண்பர்களை இறக்கி, எதிரே தெரியும் மலைக்குக் கூட்டிப்போக முயல்கிறான். யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். ரென்டன் விளையாட்டாக எடுத்துச் சென்ற ஒரு வீடியோ கேசட்டால் அவனுடைய காதல் முறிகிறது. அந்தத் துயரத்தில்தான் ரென்டனிடம் வந்து ஹெராயின் கேட்கிறான். ரென்டன் கொடுக்கிறான். அதன் பிறகு படம் ரென்டனின் பின்னாலேயே ஓடிவிடுகிறது. டாமியை மறுபடி பார்க்கும்போது அவன் வீட்டுக் கதவில் யாரோ வசை எழுதிவைத்திருக்கிறார்கள், உள்ளே அவன் உருக்குலைந்து உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டாம் முறை: ஒலியை அணைத்துவிட்டு

நான் மிகவும் நம்புகிற பகுதி இதுதான். அடுத்த வாரம் அதே குழுவோடு, முழுப் படத்தையும் போடாமல், நான்கைந்து காட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒலி இல்லாமல், பிறகு ஒலியோடு.

தொடக்கத்தில் வரும், ஹெராயின் விற்கும் ஸ்வானியின் வீடு. ஒலியோடு பார்த்தபோது ரென்டனின் சாமர்த்தியமான பேச்சுதான் நம் காதை நிறைத்தது: வேலை, வீடு, பெரிய டி.வி. எல்லாம் யாருக்கு வேண்டும் என்று வரிசையாகத் தூக்கி எறிகிறான். ஒலியை அணைத்தால் அறை தெரியத் தொடங்குகிறது. சுவர்களில் பூச்சு இல்லை, உட்கார நாற்காலி இல்லை. அங்கே ஒரு கைக்குழந்தை இருக்கிறது. கூட்டத்தில் ஒருத்தியான அலிசனின் மகள் டான். அவள் முதலிலிருந்தே அந்த அறையில்தான் இருந்தாள். நாம்தான் ரென்டனின் பேச்சில் அவளைப் பார்க்கவில்லை. ஒலியில்லாத அந்தச் சில நிமிடங்களில் அரங்கில் யாராவது ஒருவர் "குழந்தை அங்கேயே இருக்கிறது" என்று சொல்லிவிடுவார். நீங்கள் சொல்லாதீர்கள். காத்திருங்கள்.

அடுத்து, அந்தக் குழந்தை இறந்து கிடக்கும் காட்சி. யார் யார் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். எல்லோரும் நிலைகுலைந்து நிற்கும்போது ரென்டனுக்குத் தெரிந்த ஒரே பதில் அடுத்த ஹெராயின் ஊசியைத் தயாரிப்பது. அலிசனும் கேட்கிறாள். அவளுக்கும் உண்டு, ஆனால் தனக்குப் பிறகுதான் என்று அவன் குரல் நிதானமாகச் சொல்கிறது. திரைக்கதை எழுதிய ஜான் ஹாட்ஜ் மருத்துவர். அடிமையானவரின் மனத்தில் வரிசை எப்படி மாறிப்போகிறது என்பதை அவர் ஒரே வரியில் வைத்துவிட்டார். ஆலோசனை அறையில் தாய்மார்கள் கண்ணீரோடு கேட்கும் கேள்வி, "என் மேல் அவனுக்குப் பாசமே இல்லையா?" என்பது. பாசம் இருக்கிறது அம்மா, வரிசையில் பின்னால் போய்விட்டது என்று சொல்ல எனக்கு இந்தக் காட்சி கைகொடுத்திருக்கிறது.

மூன்றாவது, கம்பளக் காட்சி. அளவு மீறிப்போன ரென்டன் சிவப்புக் கம்பளத்துக்குள் அப்படியே புதைந்து இறங்குகிறான். அதற்குப் பின் அவன் பார்க்கும் உலகமெல்லாம் இருபுறமும் கம்பளத்தின் சிவப்பு ஓரங்களோடு தெரிகிறது. மேலே லூ ரீடின் மென்மையான பாட்டு. அரங்கில் இதை அழகு என்பார்கள், அழகுதான். ஒலியை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். மூச்சு அடங்கிக்கொண்டிருக்கும் ஒருவனைப் படிகளில் இழுத்து வந்து டாக்சியில் ஏற்றி, ஒருவரும் கூட வராமல் அனுப்பிவைக்கிறார்கள். டாக்சி ஓட்டுநர் மருத்துவமனை வாசலில் இறக்கிப்போட்டுவிட்டுப் போகிறார். இந்த இடத்தில் நான் படத்தை விட்டுவிட்டு உடம்பைப் பற்றிப் பேசுகிறேன். ஹெராயின் வகை மருந்துகள் அளவு மீறினால் மூச்சு மெதுவாகி நின்றுபோகும். அப்படி ஒருவர் மயங்கினால் 108க்கு அழைக்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், தனியே விடக் கூடாது. நலாக்சோன் என்னும் முறிவு மருந்தை மருத்துவர்கள் கொடுத்தால் நிமிடங்களில் மூச்சு திரும்பும். பயந்து ஓடிவிட்ட நண்பர்களால் போன உயிர்கள் உண்டு. எனவே மாணவர்கள் 108 என்ற எண்ணைத் தாங்களே வாய்விட்டுச் சொல்லும்வரை நான் அடுத்த காட்சிக்குப் போவதில்லை.

நான்காவதுதான் பெற்றோர்களுக்கு மிக முக்கியமானது. ரென்டனின் அப்பாவும் அம்மாவும் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து, சிறுவயது அறையில், ரயில் படம் போட்ட சுவர்த்தாளுக்கு நடுவே படுக்கவைத்துக் கதவைப் பூட்டுகிறார்கள். அறை நீள்கிறது. இறந்த குழந்தை கூரையில் தவழ்ந்து வந்து தலையைத் திருப்புகிறது. பெற்றோர் டி.வி. வினாடி வினாவில் எச்.ஐ.வி. பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே படத்தின் ஒளிப்பதிவாளர் பிரையன் டுஃபானோவை நான் வணங்குவேன். உள்ளே இருப்பவனுக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்பதை வார்த்தையில்லாமல் காட்டிவிட்டார்.

ஆனால் படம் பார்த்த அப்பா ஒருவர், "இப்படிப் பூட்டிவைத்தால் சரியாகிவிடும் போலிருக்கிறதே" என்று என்னிடம் கேட்டார். அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: வீட்டில் பூட்டிவைத்து யாரும் செய்யாதீர்கள். கடைசியாக ஹெராயின் எடுத்த 8 முதல் 24 மணி நேரத்துக்குள் வேதனை தொடங்கி 4 முதல் 10 நாள்வரை நீடிக்கலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும்; உடலில் நீர் வற்றும். அதைவிடப் பெரிய ஆபத்து பிறகு வருகிறது. சில நாள் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மரணமே நேரலாம். மெதடோன், பியூப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்துப் படிப்படியாக நிலைப்படுத்துவதுதான் பாதுகாப்பான வழி. நம் நாட்டிலும் அரசு மாற்று மருந்துச் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன.

நேரம் மிஞ்சினால் டயான் வரும் பகுதியையும் போடலாம். இரவு ரென்டன் சந்தித்துப் படுத்துக்கொண்டவள் பள்ளிச் சிறுமி என்று காலையில் அவளுடைய சீருடையைப் பார்த்த பிறகே அவனுக்குத் தெரிகிறது. படம் அதை வேடிக்கையாகக் கடந்துபோகிறது. நான் கடந்துபோவதில்லை, மாணவிகள் அநேகமாக எனக்கு முன்பே கையை உயர்த்திவிடுகிறார்கள். அலிசன், டாமியின் காதலி லிஸி, டயான் மூவருக்கும் படம் கொடுத்த இடம் குறைவு என்பது என் குறை.

உரையாடலை நடத்துவது

"இந்தப் படத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். பதில் பாடப்புத்தகத்திலிருந்து வரும். "டாமியை எந்த இடத்தில் தொலைத்தீர்கள்?" என்று கேளுங்கள். முதல் முறை பார்க்கும்போது அவனைக் கடைசிவரை பின்தொடர்ந்தவர்கள் குறைவு. ஏன் மறந்தோம் என்று அவர்களே யோசிக்கத் தொடங்கினால், வேடிக்கையாகப் பேசத் தெரிந்தவன் பின்னால் நாம் போய்விட்டோம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

டாமி எப்படிச் செத்தான் என்பதைப் படம் இறுதிச் சடங்கில் நண்பன் ஒருவனின் வாய்மொழியாக மட்டுமே சொல்கிறது. பிரிந்துபோன காதலிக்காக வாங்கிய பூனைக்குட்டி, அதன் கழிவிலிருந்து வந்த டாக்ஸோபிளாஸ்மா கிருமி, மூளையில் தொற்று. நல்ல உடம்பை அந்தக் கிருமி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. எய்ட்ஸ் நிலைக்குப் போன உடம்பை மடக்கிவிடும். இங்கே நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. எச்.ஐ.வி.க்குப் பலனளிக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை உலகுக்கு அறிவிக்கப்பட்டது இந்தப் படம் வெளிவந்த அதே 1996இல். 2004 முதல் நம் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். தொடக்கத்திலேயே அதைக் கொடுத்த இடங்களில் ஒன்று தாம்பரம். இன்று டாமி சாக வேண்டியதில்லை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு அந்த மலையில் ஏறலாம். இதைச் சொல்லாமல் படத்தை முடித்தால் எச்.ஐ.வி. என்றால் மரணம் என்கிற பழைய பயத்தோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். அந்தப் பயம்தான் இன்றும் பலரைப் பரிசோதனைக்கு வரவிடாமல் தடுக்கிறது.

நடிகர்கள் எப்படி இவ்வளவு நம்பும்படி நடித்தார்கள் என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். கால்டன் அத்லெட்டிக் என்னும் கிளாஸ்கோ மீட்புக் குழுவினர், தாங்களே போதையிலிருந்து மீண்டவர்கள், படக்குழுவுக்கு ஆலோசனை சொன்னார்கள். தொடக்கத்தில் வரும் கால்பந்து ஆட்டத்தில் எதிரணியாக ஆடுவதும் அவர்கள்தான். திரையில் விழுந்து கிடப்பவர்கள் நடிகர்கள், கட்டுடலோடு பந்தை உதைப்பவர்கள் உண்மையிலேயே மீண்டு வந்தவர்கள் என்று தெரிந்ததும் மாணவர்கள் அந்தக் காட்சியை மறுபடி போடச் சொல்வார்கள். போடுங்கள்.

முடிவைப் பற்றிக் கட்டாயம் வாதம் வரும். நண்பர்களிடமிருந்து 16,000 பவுண்டைத் திருடிக்கொண்டு, அவர்களில் ஸ்பட்டுக்கு மட்டும் ஒரு பங்கை விட்டுவிட்டு, ரென்டன் லண்டனில் ஒரு பாலத்தின் மேல் சிரித்தபடி நடந்து வருகிறான். தொடக்கத்தில் ஏளனம் செய்த அதே வாழ்க்கையைத் தானும் வாழப்போவதாகச் சொல்கிறான். நெருங்க நெருங்க அவன் முகம் கலங்கித் தெளிவிழக்கிறது. அவன் மீண்டானா, இல்லையா? தீர்ப்பை நீங்கள் சொல்ல வேண்டாம். அவர்கள் சண்டை போடட்டும்.

எல்லோரும் கலைந்த பிறகு நாற்காலிகளை அடுக்க ஒருவர் தாமதிப்பார். "என் நண்பன் ஒருவனுக்கு..." என்று தொடங்குவார். யார் அந்த நண்பன் என்று விசாரிக்காதீர்கள். வீட்டில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், கேளுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை. அதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் 14416. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு எந்தக் கிழமைகளில் இயங்குகிறது என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருங்கள். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கூடவே வருகிறேன் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், சொன்னால் போங்கள்.

இரண்டாம் பாகம் 2017இல் அதே நடிகர்களோடு வந்தது. உடனே அதையும் போடச் சொல்லிக் கேட்பார்கள். ஆறு மாதமாவது கழித்துப் போடுங்கள். நடுவயதை எட்டிவிட்ட அந்த நண்பர்கள் டாமியின் நினைவாக மறுபடி கொரூர் ரயில் நிலையத்தில் இறங்கும் காட்சியைப் புரிந்துகொள்ள, முதல் படம் மனத்தில் கொஞ்சம் பழசாகியிருக்க வேண்டும்.